முகநூலில் போட்ட கதையைப் போட்டிக்கு அனுப்பலாமா?

கரிசல்பூனை:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாத இதழ் சிறுகதைப் போட்டி அறிவித்திருக்கிறது. பரிசுத் தொகை சுமார்தான். ஆனால் நடுவர்கள் இருவரும் நான் தேடித் தேடிப் படிக்கிற எழுத்தாளர்கள். அவர்கள் கண்ணில் ஒருமுறை பட்டால் போதும் என்று இருக்கிறது.

கையில் ஒரு கதை தயார். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் கதை. பார்வை மங்கிப்போனதை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டு பெட்டி ஒட்டப் போகிற ஒரு பாட்டி. சிக்கல் என்னவென்றால், ஊரடங்குச் சமயத்தில் இதன் முதல் வடிவத்தை என் முகநூல் பக்கத்தில் போட்டிருந்தேன். எல்லாரும் பார்க்கிற மாதிரிதான் போட்டேன். விருப்பக்குறி போட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அப்புறம் அதை 'நான் மட்டும்' என்று மாற்றி மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு கதை நிறைய மாறிவிட்டது. அப்போது பேத்தி சொல்கிற மாதிரி இருந்தது, இப்போது படர்க்கை. முடிவு வேறு, தலைப்பு வேறு.

போட்டி விதி இது: "படைப்பு இதுவரை அச்சிலோ இணையத்திலோ வேறெந்த வடிவிலோ வெளிவராததாக இருக்க வேண்டும். சொந்தக் கற்பனை என்றும், தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல என்றும், வேறு இதழின் பரிசீலனையில் இல்லை என்றும் உறுதிமொழி இணைக்க வேண்டும்."

அனுப்பலாமா, கூடாதா? எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரிய, பழைய வடிவத்தின் முதல் பக்கத்தையும் புதியதன் முதல் பக்கத்தையும் கீழே தருகிறேன்.

[இங்கிருந்த கதைப் பகுதிகள் நீக்கப்பட்டன – நெறியாளர்]

நெறியாளர்:

கரிசல்பூனை, கேட்காமல் கைவைத்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த அரங்கம் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்துதான் இருக்கிறது, தேடுபொறியும் வந்து எடுத்துப் போகும். "வெளியிடலாமா" என்று கேட்கிற இழையிலேயே புதிய வடிவத்தை வெளியிட்டுவிட்டால் அப்புறம் விவாதிக்க என்ன இருக்கிறது? பதிவு வந்து பத்து நிமிஷத்துக்குள் எடுத்துவிட்டேன்.

பழையபேப்பர்:

தாராளமாக அனுப்புங்க தம்பி. எந்த ஆசிரியர் குழு உட்கார்ந்து ஒவ்வொரு கதையின் வரியையும் முகநூலில் தேடப் போகிறது? வருகிற கதைகளைப் படிக்கவே ஆள் இல்லை. அதுவும் நீங்கள் மூடி வைத்த பதிவு. முடிவு வேறு, தலைப்பு வேறு, சொல்கிற ஆள் வேறு என்றால் அது வேறு கதைதான். ஊரில் ஒரே கதையைப் பத்து வருஷமாகத் திருப்பித் திருப்பி எழுதுகிற பெரிய எழுத்தாளர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களை யார் கேட்டது?

கரிசல்பூனை:

தம்பி இல்லை ஐயா, தங்கச்சி.

பழையபேப்பர்:

பூனை என்று பெயர் வைத்தால் எப்படிம்மா தெரியும். சரி, தங்கச்சியும் அனுப்பலாம்.

மெய்ப்புக்காரர்:

அனுப்ப வேண்டாம் என்பது என் கட்சி. சில போட்டிகளுக்கு முதல் சுற்று வாசகனாக இருந்திருக்கிறேன் (மெய்ப்பு பார்க்கிற ஆளை எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள்). அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பழையபேப்பர் சொல்வதில் ஒரு பாதி நிஜம். முதல் சுற்றில் யாரும் தேடுவதில்லை. ஆனால் சிக்கல் முதல் சுற்றில் வருவதில்லை, முடிவு அறிவித்த பிறகுதான் வரும். பரிசு பெற்றவர் படத்தோடு இதழின் பக்கத்தில் அறிவிப்பு போடுவார்கள். கீழே வாழ்த்துகள் குவியும். அதற்கு நடுவில் ஒருவர் வந்து, "இதை நான் 2020லயே உங்க பக்கத்தில் படிச்சு அழுதேனே அக்கா" என்று எழுதுவார். கெட்ட எண்ணமே கிடையாது, பாசத்தில்தான் எழுதுகிறார். பரிசு வராத இன்னொருவர் அதைப் படம் பிடித்து ஆசிரியருக்கு அனுப்புவார். ஒரு இதழில் இது அப்படியே நடந்தது, பெயர் வேண்டாம். பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த எழுத்தாளர் நன்றாக எழுதக்கூடியவர். அந்தக் குழு இன்றைக்கும் அவர் பெயரைப் பார்த்தால் முதலில் அந்த விவகாரத்தைத்தான் பேசுகிறது.

இன்னொன்று. உறுதிமொழியில் இருப்பது உங்கள் கையெழுத்து. "சின்ன விஷயம்" என்று நாம் நினைப்பதைத்தான் அந்தத் தாள் நேருக்கு நேர் கேட்கிறது.

கறுப்புகோட்டு:

மதுரையில் வக்கீல் தொழில். சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை, அதனால் வருகிறேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. இதன் 3ஆம் பிரிவின்படி, பிரதிகள் கொடுத்தோ பொதுமக்களுக்குத் தெரிவித்தோ ஒரு படைப்பைப் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தால் அது வெளியீடு. ஆக, எல்லாருக்கும் திறந்து வைத்த முகநூல் பதிவு வெளியீடுதான். பின்னால் மூடியதால் வெளியிடாத நிலைக்குத் திரும்பிவிடாது. எத்தனை பேர் படித்தார்கள் என்பதும் கணக்கில் வராது.

ஆனால் அதே சட்டத்தில் 5ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. உரிமையாளர் அனுமதி இல்லாமல் வெளியானால் அதை வெளியானதாகக் கருதக் கூடாது என்கிறது (பதிப்புரிமை மீறல் வழக்கு விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு). நீங்கள் நாலு நண்பர்களுக்குக் கருத்துக் கேட்டு அனுப்பிய கதையை அதில் ஒருவர் தன்னிச்சையாக வாட்ஸ்அப் குழுக்களில் ஓடவிட்டால், சட்டப்படி உங்கள் கதை இன்னும் வெளியாகாத கதைதான். கரிசல்பூனை விஷயம் அப்படி இல்லை. அவரே தெரிந்து போட்டது.

ஒரு எச்சரிக்கை. போட்டி என்பது சட்டத்தைவிட ஒப்பந்தத்தில் நடக்கிற விஷயம். 'வெளிவராத' என்பதை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் வரையறுக்கலாம், சட்டத்தைவிடக் கடுமையாகவும் இளக்கமாகவும். "இணையத்திலோ வேறெந்த வடிவிலோ" என்று எழுதியிருப்பதால் இவர்கள் கடுமையான பக்கம்.

பனங்கூடல்:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து. இளக்கமான பக்கத்துக்கு ஓர் உதாரணம் என்னிடம் இருக்கிறது.

காமன்வெல்த் சிறுகதைப் பரிசு தெரியும்தானே. 2012இல் தொடங்கினது. நுழைவுக் கட்டணம் இல்லை. பிரசுரமாகாத கதையைத்தான் கேட்கிறார்கள், 2000 முதல் 5000 சொற்களுக்குள். ஆங்கிலம் தவிர வேறு சில மொழிகளிலும் எழுதி அனுப்பலாம், அதில தமிழும் உண்டு. எங்கட ஆட்கள் பலர் இது ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் பார்த்த வருடத்து விதிகளில் இணையத்தில் வந்ததும் பிரசுரமே என்று போட்டு, சொந்த வலைப்பூவுக்கும் சொந்த இணையத்தளத்துக்கும் மட்டும் விலக்கு வைத்திருந்தார்கள்.

இலங்கையும் இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் எல்லாம் ஆசியப் பிரிவில்தான் போட்டி. ஐந்து பிராந்தியங்களுக்கும் தனித்தனி வெற்றியாளர், ஆளுக்கு 2500 பவுண்டு. அவர்களிலிருந்து ஒருவருக்கு மொத்தப் பரிசு 5000 பவுண்டு. 2021இல் மொத்தப் பரிசை வென்றது கன்யா டி அல்மேதா, இலங்கைக்காரி. அதற்கு முந்தின வருடம் இந்தியாவின் கிருத்திகா பாண்டே. இரண்டும் ஆங்கிலக் கதைகள்.

அக்கா உங்கட கதை முகநூலில் வந்தது. முகநூல் பக்கம் சொந்த வலைப்பூக் கணக்கில் வருமா என்று அந்த விதி நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்க அங்கே இடம் இருக்கு. இந்தப் போட்டியில் அதுவும் இல்லை.

தேக்காவாசி:

பனங்கூடல் சொன்னதோடு சிங்கப்பூர்க் கணக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே தங்கமுனை விருது 1993இலிருந்து நடக்கிறது, தேசியக் கலைகள் மன்றம் தொடங்கியது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்குக்கும் தனித்தனியாகக் கதை, கவிதைப் பரிசு. குடியுரிமை, நிரந்தரவாசம் உள்ளவர்களுக்குத்தான். இங்கே கதை எழுதுகிற நண்பர்கள் பலர் அந்த இரண்டு வருஷச் சுழற்சியை மனதில் வைத்தே எழுதுவார்கள். நல்ல கதை ஒன்று அமைந்தால் முகநூலிலோ இங்கே நடக்கிற கதைக்களங்களிலோ காட்டாமல் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

அதில் ஒரு கெடுதலும் உண்டு, சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் வைத்த கதையை யாரும் படிப்பதில்லை, படிக்காத கதைக்குக் கருத்து வராது, கருத்து வராத கதை திருந்தாது. எங்கள் வட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடுவோம். கதையைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்து, படித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். மின்னஞ்சலில் அனுப்புவதில்லை. கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும், ஆனால் சண்டை வந்ததில்லை.

கரிசல்பூனை:

இத்தனை பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஆனால் ஒன்று கேட்கிறேன். கதையைத் திரும்ப எழுதினால் எந்த அளவுக்குப் பிறகு அது புதுக்கதை? பேத்தியை எடுத்துவிட்டேன். முன்பு பாட்டி கடைசியில் வேலையை விட்டுவிடுவாள். இப்போது அங்கே வேலை வாங்குகிற பெண் மேஸ்திரிக்குத் தெரிந்துபோகிறது, அவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை, இவளும் காட்டிக்கொள்வதில்லை. இது வேறு கதை இல்லையா?

மெய்ப்புக்காரர்:

நல்ல மாற்றம். இந்த முடிவைக் கேட்டதும் படிக்க வேண்டும் போல இருக்கிறது, அது முதலில்.

ஆனால் எத்தனை சதவீதம் மாறினால் புதுசு என்று ஒரு கணக்கும் கிடையாது. நான் பார்க்கிற விதம் இதுதான்: பழையதைப் படித்த ஒருவர் புதியதைப் படித்தால் "அந்தக் கதைதானே" என்பாரா? பார்வை மங்கிய பாட்டி, தீப்பெட்டி ஆபீஸ், அதை மறைக்கிறாள். என்பார். சொல்கிற ஆளும் முடிவும் மாறியது செப்பனிட்டதுதான். நடுவருக்கு அது பெரிய வித்தியாசம், விதிக்கு இல்லை.

பழையபேப்பர்:

எல்லாரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்கள். நான் இந்தப் போட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது இன்லண்ட் கவரும் கார்பன் தாளும் இருந்த காலம். அப்போதும் இதே விதிதான். 'தேர்வாகாத படைப்புகளைத் திருப்பி அனுப்ப இயலாது, இது தொடர்பாகக் கடிதப் போக்குவரத்தோ தொலைபேசி விசாரிப்போ கூடாது, ஆசிரியர் குழுவின் முடிவே இறுதியானது.' அனுப்பினவன் எட்டு மாதம், பத்து மாதம் காத்துக்கிடக்க வேண்டும், அந்தக் கதையை வேறு யாருக்கும் காட்டக் கூடாது. ஆசிரியர் குழுவுக்கு மட்டும் ஒரு கெடுவும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் கட்டுகிற விதிக்கு நான் ஏன் இத்தனை மரியாதை கொடுக்க வேண்டும்?

மெய்ப்புக்காரர்:

இந்தக் கோபம் நியாயம், ஐயா. கெடு சொல்லாத போட்டியில் நானும் கலந்துகொள்ள மாட்டேன். ஆனால் அதற்குப் பதில் பொய் உறுதிமொழி இல்லையே. முடிவுத் தேதி போடாத போட்டிக்கு அனுப்பாமல் இருப்பதுதான். தேதி போட்டு, அது தாண்டியும் மூச்சுக் காட்டவில்லை என்றால், "என் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி மின்னஞ்சல். அன்றிலிருந்து அது உங்கள் கதை, எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். பதில் வர வேண்டும் என்றுகூட இல்லை, நீங்கள் அனுப்பியதற்குச் சான்று இருந்தால் போதும். ஒரே கதையை மூன்று போட்டிக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டில் தேர்வாகி விழிக்கிற ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று.

கறுப்புகோட்டு:

அதோடு இதையும் பாருங்கள். பல அறிவிப்புகளில் சின்ன எழுத்தில் "பரிசு பெறும் படைப்புகளின் முழு உரிமையும் இதழையே சேரும்" என்று இருக்கும். சிலவற்றில் 'பரிசு பெறும்' என்பதே இருக்காது, "அனுப்பப்படும் படைப்புகளின்" என்று இருக்கும். இரண்டாவது வகையைப் பார்த்தால் மூடிவைத்துவிட்டு எழுந்து போங்கள்.

முதல் வகையும் நினைக்கிற அளவுக்குப் பயங்கரம் இல்லை. 19ஆம் பிரிவின்படி, உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்கவில்லை என்றால் 5 வருஷம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்த நிலப்பரப்பு என்று சொல்லவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். இதெல்லாம் அறிவிப்பில் குறிப்பாக வேறு மாதிரி எழுதாத வரைக்கும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஒரு வரி இருந்தால் கணக்கே மாறிவிடும். கதை குறும்படமாகவோ பாடநூலிலோ போக வாய்ப்பு உண்டு என்று நினைக்கிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்துவிட்டு அனுப்பலாமா என்று எப்படியும் யாராவது கேட்பீர்கள். எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஒரு சிறுகதைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து. கதையைக் கோப்பாக உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். தேதிக்கு அது ஒரு சான்று.

வெண்டைக்காய்:

நடுவில் வருகிறேன். ஒரு பதிப்பகம் என்று சொல்லிக்கொண்டு போட்டி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நுழைவுக் கட்டணம் 350 ரூபாய், பங்கேற்கிற எல்லாருக்கும் சான்றிதழ், எல்லார் கதையும் 'உலக சாதனைத் தொகுப்பு' ஒன்றில் வருமாம். பரவாயில்லையா?

பழையபேப்பர்:

எல்லாருக்கும் பரிசு என்றால் யார் தோற்றது? உங்கள் 350 ரூபாய்தான்.

மெய்ப்புக்காரர்:

இதில் பழையபேப்பரும் நானும் ஒரே கட்சி. தேர்வே இல்லாத இடத்துக்குப் போட்டி என்று பெயர் வைக்கக் கூடாது. அப்புறம் தொகுப்பில் வந்துவிட்டால் உங்கள் கதை வெளியான கதை. வேறு எந்தப் போட்டிக்கும் போக முடியாது. காசு கொடுத்து அந்த வாசலை அடைக்க வேண்டுமா? கட்டணம் வாங்கினாலே ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டு ஆங்கிலப் போட்டிகளில் கட்டணம் சகஜம். தமிழில் மரியாதையான போட்டிகள் பெரும்பாலும் வாங்குவதில்லை.

பனங்கூடல்:

சிறுகதை மட்டும் பேசுகிறோம். நாவல் கையெழுத்துப் பிரதி வைத்திருப்பவர்களுக்குக் கொழும்பில் கொடகே நிறுவனத்தின் கையெழுத்துப் பிரதிப் போட்டி உண்டு, தமிழுக்கும் இடம் இருக்கு. ஆங்கிலத்தில் எழுதுகிற இலங்கைவாசிகளுக்குக் கிரேஷன் விருது. புக்கர் வாங்கின காசில் மைக்கேல் ஒந்தாச்சி ஏற்படுத்தினது. அங்கே அச்சான புத்தகத்தோடு அச்சாகாத பிரதியும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

மெய்ப்புக்காரர்:

கையெழுத்துப் பிரதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ் நாவலின் பாதிச் சரித்திரம் இந்த மாதிரிப் போட்டிகளில்தான் கிடக்கிறது. கலைமகள் நடத்திய நாராயணசாமி ஐயர் நாவல் போட்டியில் அகிலன் பரிசு வாங்கியது 1940களில். 1953இல் ராஜம் கிருஷ்ணனின் 'பெண் குரல்' கலைமகள் பரிசு வாங்கியது. பிற்பாடு அகிலன் பெயரிலேயே ஒரு நாவல் போட்டி வந்து, 1990இல் ஜெயமோகனின் 'ரப்பர்' அதில் பரிசு பெற்றது. அவருடைய முதல் நாவலாக அதுதான் புத்தகமானது. போட்டியில் ஜெயித்தவர் பெயரிலேயே போட்டி, அதில் இன்னொருவர் கிளம்பி வருகிறார். பழையபேப்பர் ஐயா, போட்டி எல்லாமே வீண் என்று சொல்லிவிடாதீர்கள்.

பழையபேப்பர்:

வீண் என்று எங்கே சொன்னேன். எனக்கு வரவில்லை என்றுதான் சொன்னேன்.

தேக்காவாசி:

:) :)

வெளியான கதைக்கும் பரிசு உண்டு என்பதை மறந்துவிட்டோம். இலக்கியச் சிந்தனை 1970இலிருந்து பத்திரிகைகளில் வந்த கதைகளைப் படித்து மாதத்துக்கு ஒரு சிறந்த கதையைத் தேர்ந்தெடுத்தது. அங்கே யாரும் விண்ணப்பம் போட வேண்டியதில்லை, அச்சில் வந்தாலே ஆட்டத்தில் இருப்பார்கள். கரிசல்பூனை கதையை நேராக ஒரு சிற்றிதழுக்குக் கொடுத்துவிடலாமே? முகநூலில் வந்து திருத்தியது என்று உள்ளபடி சொன்னால் ஏற்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

வெண்டைக்காய்:

முதல் சுற்றில் எப்படிக் கழிப்பீர்கள் என்று மெய்ப்புக்காரர் சொல்லுங்களேன். கூடப் படித்துவிட்டுப் போகிறேன்.

மெய்ப்புக்காரர்:

சொல்லக் கூடாது, ஆனால் கேட்டுவிட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கட்டு கதை, ஒரு பிளாஸ்க் டீ. விதியைப் படிக்காதவை முதலில் போகும். ஏ4 தாளில் நாலு பக்கம் என்றால் எழுத்தைச் சுருக்கி, வரிகளை நெருக்கி நாலு பக்கத்துக்குள் ஆறு பக்கக் கதையை அமுக்கியிருப்பார்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) கேட்டால் பழைய எழுத்துருவில் வரும், திறந்தால் வெறும் குறிகள். பெயர் எழுதக் கூடாது என்றால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் செல்பேசி எண் இருக்கும். இதில் நல்ல கதைகளும் போய்விடும், எனக்கே வயிற்றெரிச்சல்.

அப்புறம் கதைகள். கிட்டத்தட்ட பாதிக் கதைகளில் அலாரம் அடித்து ஒருவர் எழுந்திருப்பார். எழுந்து, காபி குடித்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, பழைய நாட்களை நினைக்க ஆரம்பிப்பார். கதை தொடங்குவதற்குள் இரண்டாம் பக்கம் முடிந்துவிடும். இன்னொரு வகை, முதியோர் இல்லம். மகன் அம்மாவைக் கொண்டுபோய் விடுவான், கடைசி வரியில் அம்மா அங்கேதான் அவனைத் தத்தெடுத்தாள் என்று தெரியும். இந்த ஒரே கதையை எத்தனை ஊரிலிருந்து எத்தனை பேர் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். யாரும் யாரையும் காப்பியடிக்கவில்லை, ஒரே பார்வர்டு எல்லாருக்கும் போயிருக்கும் போல.

இதற்கு நடுவில் ஒரு கதை, முதல் வரியிலேயே ஒருத்தி நகக்கண்ணில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டே மகளோடு சண்டை போடுவாள். நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். நடை ஒன்றும் பிரமாதமாக இருக்க வேண்டியதில்லை. இந்த ஆளுக்கு இந்த வேலை தெரியும் என்று தெரிந்தால் மிச்சத்தையும் படிப்போம். கரிசல்பூனை, அதனால்தான் சொல்கிறேன், தீப்பெட்டி ஆபீஸ் உங்களுக்குத் தெரிந்த இடம். அங்கே இந்த ஒரு பாட்டி மட்டுமா இருக்கிறாள்?

இப்போது பல அறிவிப்புகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவி பயன்படுத்தவில்லை என்றும் உறுதி கேட்கிறார்கள். அதையும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

கரிசல்பூனை:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. முதலில், இதழுக்கு மின்னஞ்சல் போட்டேன். விசாரிப்பு கூடாது என்று விதியில் இருந்தது, இருந்தாலும் போட்டேன். ஊரடங்குச் சமயத்தில் முகநூலில் வந்த கதை, இப்போது மாற்றி எழுதியது, ஏற்பீர்களா என்று நேராகக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. "ஏற்க இயலாது. வேறு கதை அனுப்புங்கள், தேதிக்குள்." அவ்வளவுதான். கோபமாகவும் இல்லை, அன்பாகவும் இல்லை.

பாட்டி கதையை தேக்காவாசி சொன்ன மாதிரி ஒரு சிற்றிதழுக்கு, எங்கே வந்தது என்பதையும் எழுதி அனுப்பிவிட்டேன். காமன்வெல்த்துக்குப் போகலாமா என்றும் யோசித்தேன், ஆனால் அதற்குத் தமிழில் 2000 சொல் வேண்டும். என் கதை அதில் முக்கால்வாசிதான் வரும். இழுத்தால் கெட்டுவிடும்.

போட்டிக்கு அந்த மேஸ்திரியை வைத்து எழுத ஆரம்பித்திருக்கிறேன். முன்பு பாட்டி கதையில் வந்தவள் என்பதால் இதுவும் சிக்கலா?

கறுப்புகோட்டு:

முகநூல் வடிவத்தில் அவள் இருந்தாளா?

கரிசல்பூனை:

இல்லை. புது வடிவத்தில்தான் வந்தாள். அதிலிருந்து இங்கே போட்ட முதல் பக்கத்திலும் அவள் கிடையாது.

கறுப்புகோட்டு:

அப்படியானால் அவளைப் பற்றி இதுவரை யாருக்கும் தெரியாது. புதுக்கதை. ஆனால் அந்தச் சிற்றிதழில் பாட்டி கதை முதலில் வந்து, அதில் அவள் செய்வதையே இதிலும் திரும்பச் செய்தால் யாராவது முணுமுணுப்பார்கள். வேறு நாள், வேறு சம்பவம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபேப்பர்:

மேஸ்திரியம்மா என்ன சாமானியமா, அவளிடம் நூறு சம்பவம் இருக்கும். எழுதும்மா. மின்னஞ்சல் போட்டுக் கேட்டதும் நல்லதுதான், நான் போட்டிருக்க மாட்டேன்.

மெய்ப்புக்காரர்:

எழுதி முடித்த பிறகு அனுப்பும் முன்னால்: இந்தப் போட்டி பெயர் இல்லாத பிரதி கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், கதையில் பெயரை எடுத்தால் மட்டும் போதாது. வேர்ட் கோப்பின் 'பண்புகள்' பகுதியில் கணினிச் சொந்தக்காரர் பெயர் ஆசிரியராக உட்கார்ந்திருக்கும், அதையும் அழியுங்கள். கோப்புக்குக் கதையின் தலைப்பையே பெயராக வையுங்கள். 'கடைசி', 'கடைசி திருத்தியது', 'இதுதான் கடைசி' என்று வருகிற கோப்புகளைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். உறுதிமொழியும் முகவரியும் தனிக் கோப்பில். எழுத்துரு ஒருங்குறியா என்று சந்தேகம் இருந்தால், கதையை வேறு ஒருவர் செல்பேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்பூனை:

யாருக்கு அனுப்புவது, தம்பிக்கு அனுப்பினால் அவன் குடும்பக் குழுவில் போட்டுவிடுவானே.

கறுப்புகோட்டு:

பிரிவு 5 இருக்கிறது, பயப்படாதீர்கள். ஆனாலும் அவனுக்கு அனுப்ப வேண்டாம்.